கெரேக்குத் தெற்கே

அக்காவை நினைத்தால் முகத்துக்கு முதல் குரல்தான் வருகிறது. அந்தக் குரல் எப்போதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. "நீ போ பிள்ளை, நான் வாறன்." படி இறங்கும்போதும் அப்படித்தான், ரயிலில் ஏறும்போதும் அப்படித்தான், பனி உறைந்த நடைபாதையில் விடிய வேலைக்குப் போகும்போதும் அப்படித்தான். நாலு வருசம் ஒன்றாக வேலை செய்தோம். பக்கத்தில் பக்கத்தில் நடந்த நாட்கள் மிகக் கொஞ்சம்.

அவவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒஸ்லோவில், புருசெத் பகுதியில் எங்கள் கட்டடங்களில் அவவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மகள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் இருக்கிறா. அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

நான் பாரிசில் பதினொரு வருசம் இருந்துவிட்டு, கல்யாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவள். வந்து எட்டாம் மாதம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. அக்கா அங்கே பழைய ஆள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். கட்டையான, உறுதியான உடம்பு. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பா. புருசன் சில வருசங்களுக்கு முதல் காலமாகிவிட்டார். காலையில் தட்டுகளை அடுக்குவதும் மத்தியானம் கழுவுவதும் அவவின் பொறுப்பு. மரக்கறி வெட்டுவது என்னுடையது.

ஒருநாள் இல்லத்தில் தீ மணி அடித்தது. ஒத்திகை இல்லை, உண்மையான புகை. இரண்டாம் மாடியில் யாரோ டோஸ்டரில் பாணைக் கருக விட்டிருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் கூடி நின்றோம். அக்காவை மட்டும் காணவில்லை. தீயணைப்பு ஆட்கள் உள்ளே போனபோது, மூன்றாம் மாடிக் குளியலறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாவாம். பொறுப்பாளர் பெண் அவவைக் கூப்பிட்டு, அது சமையலறை ஆட்களுடைய வேலை இல்லை, மணி அடித்தால் முதலில் வெளியே வரவேணும் என்று கண்டித்தா. அக்கா தலையாட்டினா. பிறகு என்னிடம் கேட்டா:

"அப்ப, ஆரும் உள்ளுக்கை நிக்கினமோ எண்டு பாக்கிறது ஆற்றை வேலை?"

அதில் நக்கல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டா.

கோயில் ஆட்கள் ஒவ்வொரு கோடையிலும் பஸ் பிடித்து ஏதாவதொரு ஏரிக்கரைக்குப் போவார்கள். அக்காவுக்கு அங்கே 'கொண்டக்டர்' என்று ஒரு பட்டம். கடைசி ஆளாக ஏறி, வாசலில் நின்று, உதடு அசைய எல்லோரையும் எண்ணுவா. எண்ணி முடியாமல் பஸ்ஸை வெளிக்கிட விடமாட்டா. ஒருமுறை எண்ணிக்கையில் இரண்டு பேர் குறைந்தார்கள். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சொந்தக்காரரின் காரில் திரும்பிவிட்டார்கள். அது யாருக்கும் தெரியாது. அக்கா இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டா. ஒரு மணித்தியாலம் பஸ் நின்றது. மரங்களுக்குள்ளிருந்து அவ கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது. காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "இஞ்சை நிக்கிறம்! நாங்கள் போகேல்லை! இஞ்சை நிக்கிறம்!" என்றுதான் கத்தினா.

பிறகு யாரோ போன் அடித்து, அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பஸ் முழுக்கச் சிரித்தது. அக்கா என் பக்கத்து இருக்கையில் வந்து இருந்தா. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல், மரங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தா. நான்தான் வாங்கி மூடினேன். இது வெறும் பழக்கம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

மகள் ஒரு மார்கழி, நத்தார் விடுமுறைக்கு வந்திருந்தபோது பகிடியாகச் சொன்னா: "அன்ரி, நான் சின்னனிலை பள்ளிக்கூடம் போகேக்கை அம்மா எனக்குப் பின்னாலைதான் வருவா. மற்றப் பிள்ளையளின்ரை அம்மாமார் கையைப் பிடிச்சுக்கொண்டு போவினம். என்ரை அம்மா போலீஸ்காரன் மாதிரிப் பின்னாலை." சிரித்துவிட்டு, சிரிப்பு முடிகிற இடத்தில், "எனக்கு அப்ப விருப்பமில்லை" என்றா. அக்கா கேட்டும் கேளாதது போல உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தா.

இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார். வடக்கே மீன் பிடித்தவர், ஒருவரும் பார்க்க வருவதில்லை. அவர் கடைசி நாட்களில் கிடந்தபோது, அக்கா வேலை முடிந்ததும் சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தா. மூன்று நாள் பின்னேரம் இப்படிப் போனது. தாதிமாருக்கு அது பிடிக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். அக்கா கீழே வந்து கையைக் கழுவிக்கொண்டு சொன்னா: "கையைப் பிடிச்சிருந்தனான். ஆரெண்டு தெரிஞ்சிருக்காது. ஆனா ஆளொண்டு நிக்கிதெண்டு தெரிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம் அக்கா, தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சட்டென்று கேட்டா.

அக்காவிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை எனக்குத் தந்து, நகரத்துக்கு வெளியே மாரிடாலன் பக்கம் கூட்டிக்கொண்டு போவா. ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் ஓடிய கால்கள்தானே, எனக்கும் இரண்டாம் கிழமையே பழகிவிட்டது. அங்கேயும் நான் முன்னால், அவ பின்னால். ஏற்றத்தில் நான் இறங்கி உருட்டினால் அவவும் இறங்கி உருட்டுவா. தாண்டிப் போகமாட்டா.

ஒரு சித்திரை மாதம், மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து சமையலறை காலியாக இருந்தபோது, உலோக மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தா. பிரான்சின் நடுப்பகுதி. கிரூஸ் என்ற மாவட்டம். மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கெரே என்ற ஊரை நடுவில் வைத்துக் கவராயத்தால் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தா. வட்டத்தின் வெளி விளிம்பில் நிறைய ரோட்டுகள் சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தன.

"இந்தத் தடிச்ச சிவப்புக் கோடு பெரிய ரோட்டு. அது எங்களுக்கு வேண்டாம்" என்றா. "மஞ்சள் நடுத்தரம். அதிலையும் லொறி வரும். இந்த வெள்ளைக் கோடுகளைப் பார். இதுதான் நல்ல ரோட்டு. நாள் முழுக்க ஓடினாலும் நாலு கார்தான் காணுவாய். ஆறு கோடை நான் தனியப் போய் வந்தனான். நீ பாரிசிலை இருந்தனியெல்லே. பிரெஞ்சு நல்லாக் கதைப்பாயெல்லே?"

"கதைப்பன் அக்கா."

"ஆனியிலை ரெண்டு கிழமை வாறியோ?"

என் கணவர் சிரித்தார். பிரான்சுக்குப் போய் ஈபிள் கோபுரம் பார்க்காமல் மாட்டுப் பட்டி பார்க்கப் போகிற இரண்டு பெண்களை இப்போதுதான் காண்கிறாராம். நான் போனேன். உண்மையில் எனக்கு ஆசையாகவே இருந்தது.

பாரிசிலிருந்து ரயில், பிறகு இன்னொரு சின்ன ரயில். கெரேயில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிற மனிசனுக்கு அக்காவை நன்றாகத் தெரிந்திருந்தது. 'மதாம் நோர்வே' என்றுதான் கூப்பிட்டார். அவவின் உயரத்துக்கு இருக்கையைப் பதித்து, ஒரு சைக்கிளைத் தயாராக வைத்திருந்தார்.

அந்த ரோட்டுகளைப் போல அமைதியான ரோட்டுகளை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. தாரின் நடுவில் புல் முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் கஸ்ரான் கொட்டை மரங்கள், சிவப்பு மாடுகள், பாசி பிடித்த கருங்கல் மதில்கள். ஒரு கிராமத்தில் பத்து வீடு இருந்தால் ஆறு வீட்டின் யன்னல்கள் நிரந்தரமாக அடைத்திருக்கும். காலையில் பாண் விற்கிற வான் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு எங்கள் சைக்கிள் சங்கிலிச் சத்தம்தான். குடிக்கத் தண்ணீர் வேணுமென்றால் ஊர்ச் சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேணும். அங்கே எல்லாச் சேமக்காலையிலும் வாசலோரம் ஒரு குழாய் இருக்கும், சைக்கிள் ஓடுகிறவர்கள் அங்கேதான் போத்தல் நிரப்புவார்கள் என்று அக்கா சொல்லித் தந்தா. நான் நிரப்புவேன். அவ போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவா.

சந்திகளில்தான் எனக்குச் சலிப்பு வந்தது. இரண்டு வெள்ளைக் கோடுகள் வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் அக்கா இறங்குவா. நாலு பக்கமும் பார்ப்பா. பின்னோக்கி இருபது அடி நடந்து, திரும்பி நின்று, குனிந்து, கீழிருந்து பார்ப்பது போலப் பார்ப்பா. பிறகு வரைபடத்தில் ஒரு சிவப்பு வெட்டு. முதல் நாள் பதினெட்டுச் சந்தி. இரண்டாம் நாள் மழையில் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் நான் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, இஞ்சை என்னத்தைத் தேடுறியள்?"

அவ தன் சைக்கிளையும் புல்லில் சாய்த்தா. என் பக்கத்தில் வந்து இருந்தா. அது நல்ல ஞாபகம், பக்கத்தில் வந்து இருந்தா.

"என்ரை தம்பியை" என்றா.

இருபத்தாறு வருசத்துக்கு முதல் ஒரு பெப்ரவரியில், ஆட்களைக் கள்ளமாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் அவர்களை ஸ்பெயின் பக்கத்திலிருந்து ஒரு லொறியில் ஏற்றியிருக்கிறான். புருசன் ஏற்கெனவே நோர்வேயில். அக்கா, மடியில் இரண்டு வயசு மகள், கூடத் தம்பி, பத்தொன்பது வயசு. இன்னும் எட்டுப் பேர். தம்பிக்குக் காய்ச்சல். இருமல் நிற்கவில்லை. பெரிய ரோட்டில் சோதனை இருக்குமென்று லொறி சின்ன ரோட்டுகளால் போயிருக்கிறது. வழியில் ஒரு விடியற்காலை லொறியை நிறுத்தி, கூட வந்த ஆள் சொன்னானாம்: இவன் இருமினால் எல்லோரும் பிடிபடுவீர்கள். இங்கே இறக்கி விடுவோம். ஊர் ஆட்கள் கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், நல்ல நாடு, மருந்து கிடைக்கும்.

"எல்லாரும் என்னைப் பாத்தினம்" என்றா அக்கா. "ஆரும் வாய் திறக்கேல்லை. என்னையே பாத்துக்கொண்டு இருந்தினம். நான் ஓம் எண்டு தலையாட்டினன். அவன் தானாத்தான் இறங்கினவன். என்ரை ஸ்வெற்றரையும் கழட்டிக் குடுத்தனான். 'இதிலையே நில். ஓரிடமும் போகாதை. அக்கா ஆளனுப்புவன்' எண்டு சொன்னனான்."

தார்ப்பாய் இடைவெளியால் அவ கண்டது: ஒரு சந்தி, கல்லில் செய்த ஒரு சிலுவை, மாடுகள் தண்ணீர் குடிக்கிற நீளமான கல்தொட்டி. பிறகு ஒரு மணித்தியாலம் போல ஓடிய பின் ஒரு பலகையில் கெரே என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறா. அவ்வளவுதான் கையில் இருந்தது. பாரிசில் ஏஜென்சிக்காரனைக் கேட்டால் எந்த இடமென்று தனக்குத் தெரியாது என்றானாம். நோர்வேக்கு வந்து, காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற இடங்களுக்கு எழுதிப் பார்த்தா. அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. புருசன் இருக்கும்வரை, பிரான்சுக்குப் போய்த் தேடுகிற கதையை எடுக்க விடவில்லை. அவர் காலமான அடுத்த கோடை முதல்முறையாக வந்தா.

"காரிலை போனால் சந்தி வாறதும் தெரியாது, போறதும் தெரியாது. நடந்தால் சீவியம் காணாது. அதுதான் சைக்கிள்."

நான் எழும்பிச் சைக்கிளை எடுத்தேன். அதற்குப் பிறகு சலிப்பென்று ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள். லொறி அக்கா நினைத்ததைவிட மெதுவாக ஓடியிருக்கலாம், அப்படியென்றால் வட்டத்தின் உட்பக்கத்தில்தான் தேடவேணும் என்று நான் சொன்னதால், அன்றைக்குக் கெரேக்குக் கிட்டவாக, தெற்கே ஒரு மேட்டு நிலத்தில் ஓடினோம். மத்தியானம் ஒரு சின்னஞ்சிறு கிராமத்துச் சேமக்காலையில் தண்ணீருக்கு நின்றோம். நான் குழாயைத் திறந்தேன். அக்கா உள்ளே போனா. இரண்டு போத்தலும் நிறைந்தும் அவ வரவில்லை.

வடக்கு மதில் மூலையில் நின்றா. கீழே ஒரு சின்னச் சீமெந்துப் பலகை. 'இனந்தெரியாதவர்' என்ற பொருளில் ஒரு சொல், அதன் கீழே ஒரு மாதமும் வருசமும். பெப்ரவரி. அக்கா சொன்ன அதே வருசம்.

"இது என்ன எழுதியிருக்கு பிள்ளை?" என்று கேட்டா. அவவுக்கு அந்தச் சொல் தெரிந்தேயிருக்கும். ஆறு வருசம் எல்லாச் சேமக்காலையிலும் அந்தச் சொல்லைத்தானே தேடியிருப்பா. ஆனாலும் கேட்டா. நான் சொன்னேன்.

பக்கத்து வரிசையில் ஒரு கிழவி பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா. எண்பது வயசு தாண்டியிருக்கும், நீல நிறத்தில் வேலை உடுப்பு, ரப்பர் சப்பாத்து. எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தா. அந்த ஊரில் எங்கள் நிறத்தில் ஆட்கள் வருவதே இல்லையாக இருக்கும். நான் வணக்கம் சொல்லி, இது யாரென்று தெரியுமா என்று கேட்டேன். கிழவி அக்காவின் முகத்தை நன்றாகப் பார்த்தா. பிறகு தண்ணீர் வாளியைக் கீழே வைத்தா.

கன நேரம், நிறுத்தாமல் கதைத்தா.

அந்த நாள் விடிய மாட்டுக்கு வைக்கோல் கொண்டுபோன அவவின் புருசன்தான் பெடியனைக் கண்டிருக்கிறார். சந்தியில், தொட்டியின் விளிம்பில், பெண்பிள்ளைகளின் ஸ்வெற்றரைச் சுற்றிக்கொண்டு இருந்தானாம். வீட்டுக்கு வா என்று கையால் காட்டினால் தலையை ஆட்டி ரோட்டைக் காட்டினானாம். கிழவி சூப்பும் கம்பளியும் கொண்டுபோய்க் கொடுத்தா. குடித்தான். அவவைப் பார்த்துச் சிரித்து, நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொன்னான். பின்னேரம் அவவின் புருசன் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதானாம். பொலிசைக் கூப்பிடுவோம் என்று இவர்கள் தங்களுக்குள் கதைத்தபோது, அந்த ஒரு சொல் அவனுக்கு விளங்கியிருக்கிறது. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டானாம். அதனால் விட்டுவிட்டார்கள். கடைசியில் ரோட்டோரமாக இருந்த வைக்கோல் கொட்டிலுக்குள் இருக்கச் சம்மதித்தான், அங்கிருந்து சந்தி தெரியும் என்பதால். அடுத்த நாளும் முழுக்க அங்கேயே இருந்தான். காய்ச்சல் கூடியது. நாளைக்கு விடிய என்ன சொன்னாலும் டாக்டரைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். விடிவதற்கு முன் பனி கொட்டியது. அந்த நேரம் பால் லொறி ஒன்று போகிற சத்தம் கிழவிக்குப் படுக்கையில் கேட்டது. வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தால், கொட்டிலில் ஆள் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில், பனிக்குள், ரோட்டைப் பார்த்தபடி இருந்தானாம். உயிர் இல்லை. கையில் கடதாசி ஒன்றும் இல்லை. பெயர் தெரியவில்லை. ஊரார்தான் புதைத்தார்கள். பிறகு ரோட்டை அகலமாக்கியபோது சிலுவையையும் தொட்டியையும் எடுத்துவிட்டார்கள்.

"யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தான்" என்றா கிழவி. "யாருக்காக என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இவவுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன் நான், பிரெஞ்சில்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. என் வாழ்க்கையில் என்னை அப்படி முன்னால் நின்று யாரும் பார்த்ததில்லை.

"என்னவாம்?"

அந்தக் கணத்தில் நான் முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகச் சொன்னது.

"விடியக் கண்டவையாம் அக்கா. காணேக்கையே உயிர் இல்லையாம். நித்திரையிலை போயிருக்கிறார். ஊர்ச் சனம்தான் மரியாதையா அடக்கம் செய்தவையாம்."

"நாங்கள் விட்ட அண்டைக்கோ?"

"ஓம். அண்டைக்கே."

"கஷ்டப்பட்டவனோ?"

"இல்லையாம்."

அக்கா குனிந்து, போத்தலில் இருந்த தண்ணீரை அந்தப் பலகையில் ஊற்றி, வெறுங்கையால் தேய்த்துக் கழுவினா. பாசியை நகத்தால் சுரண்டினா. இரண்டு போத்தலும் முடிந்தது. கிழவி தன் வாளியை நீட்டினா. அதையும் ஊற்றிக் கழுவினா. அழவில்லை. திரும்பும்போது சைக்கிளில் ஏறி எனக்கு முன்னால் போய்விட்டா. இறக்கத்தில் அவ முதுகு சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நான் பின்னால் ஓடினேன்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, பெயர் பொறித்த ஒரு கல் வைப்பதற்கான கடிதங்களை நான்தான் எழுதினேன். ஐப்பசியில் கல் வைத்தாகிவிட்டதென்று படம் வந்தது. அக்கா அதைப் போனில் வைத்திருந்தா, அடிக்கடி பார்ப்பதில்லை. எல்லாம் ஒரு வழியாக முடிந்துவிட்டதென்று நான் நினைத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பாணுக்குச் சீஸ் சீவிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னா: "அந்த மனிசி எவ்வளவு நேரம் கதைச்சவ. நீ நாலு சொல்லிலை முடிச்சிட்டாய்."

"வயசுபோன ஆக்கள் சுத்திச் சுத்தித்தானே அக்கா கதைப்பினம்."

"ஓம். அதுவும் சரிதான்."

அந்தக் குளிர்காலத்தில் அவ பிரெஞ்சு படிக்கத் தொடங்கினா. இல்லத்தில் ஐந்தாம் இலக்க அறையில், முன்பு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்த ஒரு பெண்மணி இருந்தா. அக்கா அவவுக்குப் பின்னேரம் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு அப்பியாசக் கொப்பியோடு முன்னால் இருந்தா. ரயிலில் பிரெஞ்சுப் பாடத்தைக் காதில் மாட்டிக்கொண்டு உதடு அசைத்தா. என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி மரக்கறி வெட்டுகிறவளுக்குப் பதினொரு வருசப் பிரெஞ்சு தெரியும், அவளிடம் கேட்கவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேணும். விளங்கித்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கூடையில் வெட்ட வேண்டிய மரக்கறி இருந்தது.

சித்திரையில் ஐந்து நாள் லீவு எடுத்துப் பிரான்சுக்குத் தனியாகப் போனா.

திரும்பி வந்த திங்கட்கிழமை வேலை முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். பின்னேரம் மூன்று மணி இருக்கும். அக்கா மர வாங்கில் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு, நிமிராமலே சொன்னா:

"நீ எனக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனி. எனக்குத் தெரியும்."

"சொல்லியிருந்தால் தாங்கியிருப்பியளோ அக்கா?"

"தாங்கியிருக்க மாட்டன். அதுக்கு என்ன?"

மற்றச் சப்பாத்தை எடுத்தா.

"அவன் ரெண்டு பகல் உயிரோடை இருந்தவன்" என்றா. "சூப் குடிச்சவன். அந்த மனிசியைப் பாத்துச் சிரிச்சவன். கொட்டிலுக்கை இருந்தவன். ரெண்டு பகல். என்ரை தம்பியின்ரை ரெண்டு நாள். அதை நீ உன்னோடை வைச்சிருந்தனி. எனக்குத் தரேல்லை."

"அக்கா..."

"நான் சொன்னதாலைதான் அவன் அந்த இடத்தை விட்டு அசையேல்லை. அதை நான் அறியக் கூடாதெண்டு நினைச்சாய். அது என்ரைதானே பிள்ளை. நான் செய்தது. உனக்கேன் அது?"

சப்பாத்து நூலைக் கட்டி முடித்து எழும்பினா. கோட்டை மாட்டினா.

"அந்த மனிசி உன்னட்டை ஒண்டு கேட்டவவாம். ஆருக்காகக் காத்திருந்தவன் எண்டு. தெரியாதெண்டு சொன்னியாம். திருப்பி என்னட்டைக் கேட்டவ. எனக்காக எண்டு சொன்னன். 'பூர் முவா.' மனிசி என்னை ஒரு அறை அறைஞ்சா. பேந்து கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதா. ரெண்டும் எனக்குத் தேவைப்பட்டது."

கதவைத் திறந்தா. நான் முதலில் போவதற்கு அவ ஒதுங்கி நிற்கவில்லை. போய்விட்டா.

அதற்குப் பிறகு வேலை சம்பந்தமாகத் தவிர என்னோடு கதைக்கவில்லை. கோடை முடிய வீட்டை விட்டுவிட்டு மகளிடம் துரொண்ட்ஹெய்முக்குப் போனா. எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் அவவின் தட்டு அடுக்குகிற இடத்தில் வேறொரு பிள்ளை நின்றது.

மகளோடு எப்போதாவது போனில் கதைப்பேன். அம்மா ஒவ்வொரு பெப்ரவரியும் பிரான்சுக்குப் போறா, அந்தக் கொட்டிலில் இரண்டு பகல் இருக்கிறா என்று சொன்னா. முழங்கால் தேய்ந்து இப்போது சைக்கிள் ஓட முடியாதாம். கெரேயிலிருந்து ஒரு டாக்ஸி பிடித்துப் போறாவாம்.

"இந்தமுறை நானும் கூட வரலாமோ எண்டு அம்மாவைக் கேட்டுப் பாரம்மா" என்றேன்.

மூன்று நாள் கழித்து மகள் எடுத்தா. நேரடியாகச் சொல்ல அவவுக்குச் சங்கடமாக இருந்தது. காலநிலை கதைத்தா, வேலை கதைத்தா.

"கேட்டனான் அன்ரி" என்றா கடைசியில். "அவளுக்கு வழி தெரியும்தானே, தனியப் போகட்டும் எண்டு சொன்னவ."